ஆசிரியருக்கு எதிராக முறையிடுவது எங்கே: யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவரின் சேவை மதிப்பீடு

ஆசிரியர் ஒருவர் பிள்ளையை அடிக்கிறார், அல்லது வகுப்பின் முன் வைத்துத் தொடர்ந்து அவமதிக்கிறார் என்று தெரியவந்தால், முறையிடுவதற்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. அதிபர், கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம், மாகாணக் கல்வித் திணைக்களம், பிரதேச செயலகத்தின் சிறுவர் பிரிவு, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 தொலைபேசிச் சேவை, பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் என்று பட்டியல் நீளும். இவை அனைத்தும் எங்கள் வரிப்பணத்தில் இயங்கும் சேவைகள். கடையையும் உணவகத்தையும் மதிப்பிட்டு எழுதுகிற நாங்கள் இவற்றைப் பற்றி மட்டும் மதிலுக்கு மேலால் குசுகுசுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். நான் பயன்படுத்திய சேவைகளைப் பயன்படுத்தியவள் என்ற முறையிலும், பயன்படுத்த நேராதவற்றைச் சட்டம் சொல்லும் அளவிலும் இங்கே மதிப்பிடுகிறேன். பாடசாலையின் பெயரையும் வலயத்தின் பெயரையும் எழுதவில்லை. மகன் இன்னும் அங்கேதான் படிக்கிறான்.

எங்கள் விடயம் சுருக்கமாக இதுதான். மகன் தரம் 7இல் மாகாணப் பாடசாலை ஒன்றில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு பாடத்துக்கு வந்த ஆசிரியர், விடை பிழைத்த பிள்ளைகளை வெயிலில் முழங்காலில் இருத்துவதையும், கொப்பியை யன்னலால் எறிந்துவிட்டுப் போய்ப் பொறுக்கி வரச் சொல்வதையும், சிலரை “மொக்கு வாங்கு” என்று பெயர் வைத்த கடைசி வாங்கில் தனியே இருத்துவதையும் வழக்கமாக்கியிருந்தார். பிரம்பும் இடைக்கிடை வரும். அவருடைய பின்னேர வகுப்புக்குப் போகாத பிள்ளைகளே பெரும்பாலும் அந்த வாங்கை நிரப்பினார்கள் என்பதைப் பெற்றோர் பலரும் கவனித்திருந்தார்கள். படலையடியில் நின்று கதைக்கும்போது எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கடிதத்தில் ஒப்பம் வைக்க ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு விடுகைப் பத்திரத்துக்கும் நற்சான்றிதழுக்கும் அதே அலுவலகத்துக்குத்தானே போய் நிற்கவேண்டும்.

இவ்வாறான சேவையை மதிப்பிடும்போது உத்தியோகத்தர் எவ்வளவு அன்பாகக் கதைத்தார் என்பதற்கு நான் அதிகம் புள்ளி கொடுக்கவில்லை. அன்பாகக் கதைப்பதில் எங்கள் ஊர் அலுவலகங்களிற் பலர் கெட்டிக்காரர். முறைப்பாடு கிடைத்ததற்குத் திகதியோடு எழுத்திலான அத்தாட்சி கிடைத்ததா, விசாரணை முடியும் வரை பிள்ளை அதே ஆசிரியரின் கையில் விடப்பட்டானா, பிள்ளையிடம் பிள்ளைக்கு ஏற்றவாறு கேட்டார்களா என்பவற்றையே பார்த்தேன். இவற்றில் முதலாவதுதான் மிக முக்கியமானது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதற்குரிய காரணம் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

அலுவலகப் படியேறுவதற்கு முன்னர் கையில் இருக்கவேண்டிய விபரங்கள் சில உண்டு. அரச பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடை செய்தது. பாடசாலைகளில் மாணவர் ஒழுக்கத்தைப் பேணுவது பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதன் பின்னர் வந்தது. சுற்றறிக்கை நிர்வாகக் கட்டளை மட்டுமே. ஆனால் சட்டமும் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருக்கும் ஒருவர், பிள்ளைக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ ஏற்படக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே தாக்கினாலோ கொடுமைப்படுத்தினாலோ அதைக் குற்றம் என்கிறது. உடல்நலக் கேடு என்பதற்குள் மனநிலைப் பாதிப்பையும் அது அடக்குகிறது. தண்டனை 2 வருடத்துக்குக் குறையாமலும் 10 வருடத்துக்கு மேற்படாமலும் சிறை. இந்தச் சுற்றறிக்கைகளின் இலக்கங்களைக் கடிதத்தின் இரண்டாம் பந்தியில் எழுதியிருந்த ஒரே காரணத்தால் என்னோடு கதைத்த குரல்களின் தொனி மாறியதைக் கண்டேன்.

முதலில் அதிபர். முறை அதுதான், அவரைத் தவிர்த்துவிட்டு நேரே மேலிடத்துக்குப் போகத் தேவையில்லை. எங்கள் அதிபர் என்னை இருத்தித் தேத்தண்ணி வரவழைத்து முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்த பின்னர் சொன்னது இது: “தங்கச்சி, நான் அவரோட கதைக்கிறன். எழுத்தில ஒண்டும் வேண்டாம். எழுதினால் அது பிறகு வேற மாதிரிப் போயிடும்.” கதைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏனென்றால் அதற்கு அடுத்த பாடவேளையில் ஆசிரியர் என் மகனை எழுப்பி, “வீட்டில போய்க் கதை சொன்னனியாம், இப்ப எல்லாருக்கும் சொல்லு” என்று வகுப்பின் முன் நிறுத்தியிருக்கிறார். வாய்மொழி முறைப்பாட்டின் பலன் முழுவதும் இதற்குள் இருக்கிறது. தகவல் ஆசிரியரிடம் போய்ச் சேர்கிறது, முறைப்பாடு எங்கேயும் பதியப்படுவதில்லை, இடையில் பிள்ளை மாட்டிக்கொள்கிறான். அதிபர் கெட்டவர் அல்லர். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடத்துக்குக் கிடைத்த ஒரேயொருவரைப் பகைக்க விரும்பாத நிர்வாகி. ஆகவே அதிபரைச் சந்திக்கப் போகும்போதே கடிதத்தோடு போங்கள், இரண்டு பிரதியாக. வாய்ப்பேச்சு கடிதத்துக்கு விளக்கமாக இருக்கட்டும், கடிதத்துக்குப் பதிலாக வேண்டாம்.

பாடசாலைக்குள்ளேயே ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரும் சிறுவர் பாதுகாப்புக் குழுவும் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆசிரியை நல்லவர். ஆனால் அவரும் அதே ஆசிரியர் அறையில் அடுத்த மேசையில் இருந்து சாப்பிடுபவர். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எதுவுமில்லை.

யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. பிள்ளை படிக்கும் பாடசாலை எந்த வலயத்துக்கு உரியதோ அங்கேதான் முறைப்பாடு போகவேண்டும், வீடு இருக்கும் வலயத்துக்கு அல்ல. எங்களுடைய வலய அலுவலகத்தைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் சொல்ல நிறைய உண்டு. கடிதம் ஏற்கும் மேசையில் இருந்த முகாமைத்துவ உதவியாளர் கடிதத்தை முழுமையாக வாசித்தார். வாசித்துவிட்டு, “அக்கா, இது அதிபர் ஊடாகவெல்லோ வரவேணும்?” என்றார். ஆசிரியர் தன் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதிபர் ஊடாக வரவேண்டும். பாடசாலையில் நடந்ததைப் பற்றிப் பெற்றோர் முறையிடும்போது அதையும் பாடசாலை ஊடாகவே அனுப்பச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டேன். அவரிடம் விடை இருக்கவில்லை. ஆனால் என் பிரதியில் திகதி முத்திரை வைக்கவும் மறுத்துவிட்டார். “இங்க கொப்பிக்கு சீல் அடிக்கிறேல்லை” என்றார். முத்திரை, பாதி திறந்திருந்த லாச்சிக்குள் எனக்குத் தெரியும்படியாகவே கிடந்தது. அவர் கேட்ட இன்னொரு கேள்வி, “அவர் வரேல்லையோ?” என்பது. என் கணவர் வந்திருந்தால் முத்திரை லாச்சியை விட்டு வெளியே வந்திருக்கும் என்று நினைக்கிறேனா? ஆம், நினைக்கிறேன்.

அதே கடிதத்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதி போட்டு, பிரதி அனுப்பப்பட்டதைக் கடிதத்தின் அடியிலேயே காட்டினேன். தபாலகம் தரும் அந்தச் சிறிய பற்றுச்சீட்டு, முத்திரை மறுத்த மேசையை விடக் கூடிய வேலை செய்தது. விடயம் உதவிக் கல்விப் பணிப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தொலைபேசியில் அழைத்து ஒழுங்காக விபரம் கேட்டார், பாடசாலைக்குப் போகும் நாளையும் முன்கூட்டியே சொன்னார். இது வரைக்கும் அவருக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். பின்னர் நடந்ததுதான் ஏமாற்றம். பிள்ளையின் வாக்குமூலத்தை அதிபரின் அறையில், குற்றஞ்சாட்டப்பட்ட ஆசிரியரும் அங்கேயே நிற்கும்போது எடுப்பதற்கு ஒழுங்கு செய்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த அறையில் என்ன சொல்வான்? “ஒண்டும் நடக்கேல்லை” என்று சொல்வான், விசாரணையும் அத்தோடு முடியும். அது அப்படி முடியாமல் தடுத்தது வலயம் அல்ல, வேறொரு சேவை.

அந்தச் சேவைக்கு வழி காட்டியது 1929. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நடத்தும் இலக்கம் இது. கட்டணமில்லை, 24 மணித்தியாலமும் இயங்குகிறது, தமிழிலும் கதைக்கலாம். என் அழைப்பை எடுத்தவர் நல்ல தமிழில், அவசரப்படாமல், பிள்ளைக்கு இப்போது ஏதும் ஆபத்து இருக்கிறதா என்பதை முதலில் கேட்டார். வயது, பாடசாலை, நடந்தது என்ன, ஏற்கனவே யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டுப் பதிந்துகொண்டு ஒரு தொடர்பு இலக்கம் தந்தார். பெயரைச் சொல்ல விரும்பாதவர்களும் முறையிடலாம் என்றார். 1929 ஒரு வாசல் மட்டுமே என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ளவேண்டும். கொழும்பிலிருந்து யாரும் வந்து உங்கள் பாடசாலைப் படியில் நிற்கப்போவதில்லை. முறைப்பாடு உள்ளூர் உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ பாரப்படுத்தப்படும். ஆனால் பாரப்படுத்தப்பட்டதற்கு ஒரு இலக்கம் இருக்கிறது. அதன் பின்னர் எவரும் “இப்பிடி ஒண்டு வரேல்லையே” என்று சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரை முதலாவது அழைப்பாக இருக்கவேண்டியது இதுதான்.

எங்கள் விடயம் பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் வந்தது. நான் சந்தித்தவர்களில் மிகச் சிறந்த சேவை இவருடையது என்பதைத் தயங்காமல் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தவர் மகனிடம் “உன்னை அடிச்சவரோ, எங்க அடிச்சவர்” என்று தொடங்கவில்லை. அவனுடைய நேரசூசியைக் கேட்டார். சுவரில் ஒட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தான். எந்தப் பாடம் பிடிக்கும், எந்தப் பாடவேளையில் தண்ணீர் குடிக்க வெளியே போவாய், இடைவேளைக்கு யாரோடு இருப்பாய் என்று நேரசூசியில் விரலை வைத்து வைத்துக் கேட்டுக்கொண்டு போனார். குறித்த பாடவேளை வந்ததும் விரலை நிறுத்தாமல் மற்றவற்றைப் போலவே கடந்தார். மகன்தான் திரும்பி அந்தப் பெட்டிக்கு வந்தான். அதன் பின்னர் அவன் சொன்னவற்றை அவனுடைய சொற்களிலேயே, “மொக்கு வாங்கு” உட்பட, எழுதி வாசித்துக் காட்டினார். பாடசாலை வரவுப் பதிவைப் பின்னர் பெற்று, வயிற்றுவலி என்று மகன் போகாதிருந்த நாட்களை நேரசூசியோடு ஒப்பிட்டுப் பார்த்தவரும் அவர்தான். அந்தப் பாடம் இல்லாத நாளில் வயிற்றுவலி வந்ததில்லை. ஒரே தாளில் எழுதிய இந்த ஒப்பீடு, வலய விசாரணையில் ஆயிரம் சொல்லுக்குச் சமனாக நின்றது.

அதிபர் அறையில் வாக்குமூலம் எடுக்கும் ஒழுங்கை மாற்றச் செய்ததும் அவரே. பிள்ளையைத் தனியான இடத்தில், தாயும் தானும் இருக்க, ஆசிரியர் பாடசாலையில் இல்லாத நேரத்தில் கேட்கவேண்டும் என்று வலயத்துக்கு எழுத்தில் கோரினார். வலயமும் ஏற்றுக்கொண்டது. குறையும் சொல்லவேண்டும். இப்படியான உத்தியோகத்தர் ஒருவருக்கு ஒரு பிரதேசம் முழுவதும் பொறுப்பு. இளவயதுத் திருமணம், பாடசாலை இடைவிலகல், வீட்டு வன்முறை எல்லாம் அவருடைய மேசையில்தான். எங்கள் கோப்புக்கு அவரால் கொடுக்க முடிந்த நேரம், அவருடைய மதியச் சாப்பாட்டு நேரத்திலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

இனி, திகதியுள்ள கடதாசி ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு வருகிறேன். அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் மாணவரைக் கொடூரமாகவோ இழிவுபடுத்தும் விதமாகவோ நடத்துவது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறும் செயலாகலாம். உயர் நீதிமன்றம் இதை 1995இலேயே ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2021 பெப்ரவரியில், தென்னிலங்கைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில் (2017ஆம் ஆண்டின் 97ஆம் இலக்க அடிப்படை உரிமை வழக்கு), ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடாகக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். ஒரு மாதம் என்பது “கதைக்கிறன்”, “பாப்பம்”, “தவணைச் சோதினை முடியட்டும்”, “திருவிழா முடியட்டும்” என்ற நான்கு சொற்களுக்குள் ஓடிவிடும் காலம். அன்பான பேச்சுக்கு நான் புள்ளி கொடுக்காததன் காரணம் இதுதான். ஆறுதல் சொல்பவர் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ இந்த மாதத்தில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறார்.

இதற்கு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் மனுவுக்குரிய ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது, கட்டணமில்லை, தமிழில் எழுதிக் கொடுக்கலாம். நான் அங்கே கொடுத்த முறைப்பாட்டுக்கு இலக்கத்தோடு எழுத்தில் அத்தாட்சி கிடைத்தது. மனு வரைக்கும் போகவேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை. போகும் எண்ணமும் இருக்கவில்லை. ஆனால் ஆணைக்குழுவின் இலக்கத்தை வலயத்துக்கு எழுதிய நினைவூட்டற் கடிதத்தில் குறிப்பிட்ட பின்னர், அதுவரை அசையாத கோப்பு அசையத் தொடங்கியது.

பிள்ளையின் உடலில் காயம் இருந்தால் நான் மேலே எழுதிய வரிசையை மறந்துவிட்டு முதலில் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தனியார் கிளினிக்கில் ஒரு நோமாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், சட்ட வைத்தியப் பதிவு இல்லாமலே போய்விடும். அரச வைத்தியசாலையில் “ஆசிரியர் அடிச்சது” என்று உள்ளபடி சொன்னால், விடயம் வைத்தியசாலைப் பொலிசாருக்கு அறிவிக்கப்பட்டு, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்யப்படும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து “விழுந்திட்டான்” என்று சொன்னால் அதுவும் அப்படியே பதியப்படும். பின்னர் அதை மாற்றிச் சொல்வது இலேசான காரியமல்ல. காதில் அறை விழுந்திருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். மேலே சொன்ன வழக்கு அப்படியொரு அறையிலிருந்துதான் தொடங்கியது.

பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவுக்கு நாங்கள் போகவில்லை. 308அ பிரிவின் கீழ் நடவடிக்கை வேண்டும் என்றால் அங்கேதான் போகவேண்டும். வலயம் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம், குற்ற வழக்குத் தொடுக்க முடியாது.

வலயத்தில் நடந்தது, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின்படியான பூர்வாங்க விசாரணை. அதில் குற்றம் இருப்பதாகத் தோன்றினால்தான் குற்றப்பத்திரமும் முறைசார் ஒழுக்காற்று விசாரணையும் வரும். இந்தப் படிமுறை பெற்றோருக்கு மந்தமாகத் தெரியலாம். ஆனால் ஆசிரியரின் தொழில் சம்பந்தப்பட்ட விடயத்தில் அவருடைய பக்கத்தையும் எழுத்தில் கேட்கவேண்டும் என்பதை நான் மறுக்கமாட்டேன். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் உள்ள வகுப்பில் பாடத்திட்டத்தை ஓடி முடிக்கச் சொல்லி அவர்களையும் நெருக்குகிறார்கள். எனக்குக் குறையாகப் பட்டது, விசாரணையின் முடிவு என்ன என்பதை முறையிட்டவருக்கு அறிவிக்கும் பழக்கமே அங்கு இல்லாதிருப்பது. ஆசிரியர் அந்த வகுப்பிலிருந்து மாற்றப்பட்டார் என்பதை மகன் சொல்லித்தான் அறிந்தேன். முன்னதாக, மகனை வேறு பிரிவுக்கு மாற்றலாம் என்று பாடசாலை முன்வந்தபோது நான் உடன்படவில்லை. மாறவேண்டியது நடத்தை; அதற்காகப் பிள்ளை தன் கூட்டாளிகளை இழக்கத் தேவையில்லை.

மீதி விபரத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்றேன். இந்தச் சேவைக்கு என் மதிப்பீட்டில் பிரதேச செயலகத்துக்கு அடுத்த இடம். விண்ணப்பத்தைத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தால், கிடைத்ததற்கு அத்தாட்சி தரவேண்டும் என்பது சட்டம். இங்கே எந்த லாச்சியும் மூடிக்கொள்ள முடியாது. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். கேள்வியை எழுதும் விதத்தில் கவனம் தேவை. “அந்த ஆசிரியருக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள்” என்று கேட்டால், ஒருவரின் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமுண்டு. “இன்ன திகதியில் நான் அனுப்பிய முறைப்பாடு எந்தத் திகதியில் யாருக்குப் பாரப்படுத்தப்பட்டது, விசாரணை எந்தத் திகதியில் நடந்தது, அதன் மீது எடுக்கப்பட்ட தீர்மானம் என்ன” என்று கேட்டால் மறுப்பது கடினம். என் கேள்விகளுக்குத் தட்டச்சு செய்த ஒரு பக்கத்தில் பதில் வந்தது. எழுத்தில் கண்டிக்கப்பட்டார் என்பதும், அந்தப் பாடம் அந்த வகுப்பில் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் அதில் இருந்தன. எனக்கு அது போதும்.

எந்த அலுவலகத்தையும் விடக் கடினமாக இருந்தது எங்கள் சனம். “கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ சேர்” என்று பிள்ளையைக் கொண்டுபோய் ஒப்படைத்த தலைமுறை இன்னும் வீடுகளில் இருக்கிறது. “நாங்கள் வாங்காத அடியோ?” என்று கேட்ட பெரியப்பாவிடம், நீங்கள் வாங்கிய அடியை இன்று வரை திகதியோடு சொல்கிறீர்களே என்று மட்டும் சொன்னேன். ஒரு வாத்தியாரின் சோற்றில் மண் போட்டவள் என்றும் பேச்சு வந்தது. அவருடைய சம்பளத்தில் ஒரு சதம் குறையவில்லை. தகவல் கேட்டதற்கு எனக்கு வந்த பதில் கடிதத்திலேயே அது இருக்கிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகவா முடியும்.

தேசியப் பாடசாலையில் பிள்ளை படிக்கும் பெற்றோர், பாடசாலை மாகாணத்தின் கீழ் இல்லை என்பதால், முறைப்பாட்டை மத்திய கல்வி அமைச்சுக்கும் முகவரியிட்டு அனுப்பவேண்டும். தனியார் பாடசாலையானால் வலயத்தின் ஒழுக்காற்று அதிகாரம் அங்குள்ள ஆசிரியரிடம் செல்லாது, அரச நிர்வாகச் செயல் இல்லாததால் அடிப்படை உரிமை மனுவும் பெரும்பாலும் பொருந்தாது. முகாமைக்கு எழுதுவதோடு 1929, பிரதேச செயலகம், பொலிஸ் ஆகிய மூன்றையும் நாடலாம். ரியூஷன் கொட்டில்களில் பிரம்பு வைத்திருப்பவர்களுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். 308அ பிரிவு பாடசாலைப் படலைக்கு உள்ளே, வெளியே என்று பிரித்துப் பார்ப்பதில்லை.